முன்கூட்டியே சிரித்த ஊர்

கல்லாற்றுப்பேட்டைப் பிள்ளைகள் காரணம் தெரியாமல் சிரித்தது முதன்முதலில் ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு. அப்போது தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு கடன்வாங்கிக் கழித்துக்கொண்டிருந்தது, பால்வாடியில் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், பேருந்து நிலையத்து முடிதிருத்தகத்தில் குறுக்குப் பலகைமேல் உட்கார்ந்து ஒரு பயல் கத்தி அழுதுகொண்டிருந்தான், இவர்களும் வீடுகளிலும் வாசல்களிலும் வயல் வரப்பிலும் இருந்த மற்றவர்களுமாக, பன்னிரண்டு வயது நிரம்பாத அத்தனை பேரும் ஒரே நொடியில் சிரித்தார்கள், ஒன்பது நொடி சிரித்தார்கள், சிரித்து முடித்து விட்ட இடத்திலிருந்து கழித்தலையும் அழுகையையும் தொடர்ந்தார்கள்.

ஊர் முதலில் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டது. தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்ட அன்றைக்கே பிள்ளைகள் இரண்டு தடவை சிரித்தார்கள். அப்புறம் சத்துமாவைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தார்கள், பிள்ளைகள் பசியோடு சிரித்தார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பள்ளி வராந்தாவில் அரைநாள் உட்கார்ந்து, தன் கண்ணால் ஒரு சிரிப்பைப் பார்த்து, தன் பதிவேட்டில் ‘சிரிப்பு, காய்ச்சல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மாமார்கள் அதை விக்கலைப் போலவும் கொட்டாவியைப் போலவும் எடுத்துக்கொண்டார்கள். சோறூட்டும்போது வந்தால் புரையேறாமல் தலையில் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. கிளை நூலகத்துக்குச் சிறுவர் மாத இதழ் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து அதில் ஒரு கதையைச் சத்தமாக வாசித்தார்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஒரு பேயிடம் முகவரிச் சான்று கேட்கிறார்கள், அது பயந்துபோய், “புளியமரம், தெற்குப் பக்கம், மூணாவது கிளை” என்கிறது. வாசித்த பிள்ளை அந்த இடத்தில் நிமிர்ந்து, “ஏய், நான் கழித்தல் போடையில சிரிச்சேன்ல, இதுக்குத்தான்” என்றது. மற்ற பிள்ளைகளும் ஆமாம், ஆமாம், இதேதான் என்றார்கள். தொலைத்த பென்சிலைப் பார்த்தவர்கள் போல அவர்களுக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. கதைக்கு மேலே பெயர் போட்டிருந்தது: அங்கயற்கண்ணி. மூன்றாவது சந்தில், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற அதே அங்கயற்கண்ணி. அவள் எழுதும்போது, எழுதுகிற அந்த நொடியில், வரி நன்றாக அமைந்தால் ஊர்ப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எதற்கென்று அச்சாகி வந்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். தெரிந்ததும் ஊருக்கு நிம்மதியாகிவிட்டது.

அங்கயற்கண்ணிக்கு அப்போது ஐம்பத்தோரு வயது; இருபத்திரண்டு வருடங்களாக அவள் பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதை எழுதிக்கொண்டிருந்தாள். வாடகைக்குக் குடையாகப் போன காளான், கண்ணாடி போட்ட பிறகு தன் கன்றுகளை அடையாளம் தெரியாமல் போன எருமை, லீவு கேட்டு விண்ணப்பம் எழுதிய அலாரம் கடிகாரம், இவையெல்லாம் அவள் செய்தவை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் யாராவது சிரித்தார்களா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மாதத்துக்கு நாலு அஞ்சலட்டை வரும், அதில் இரண்டில் எழுதிய பிள்ளை தன் படத்தையும் இதழில் போடச் சொல்லிக் கேட்கும். இதழாசிரியர் ‘பரவாயில்லை’ என்பதைத் தவிர வேறு சொல் அறியாதவர். வானொலிக்கு நாடகம் எழுதும்போது, குழந்தைகள் சிரிக்கிறார்கள் என்று அடைப்புக்குள் குறிப்பாள். நிலையத்தில் அந்த இடத்தில் எப்போதோ பதிந்துவைத்த ஒரே சிரிப்பைப் போடுவார்கள், ஏழு பிள்ளைகளின் சிரிப்பு, அதில் ஒன்றுக்குச் சளி. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இப்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். வரியை எழுதி முற்றுப்புள்ளி வைப்பதற்குள் பள்ளிக்கூடத்தின் பக்கமிருந்து பதில் வந்துவிடும். வந்ததை வைத்துக்கொண்டு அவள் குதிக்கவில்லை, படித்தாள்; ஒரு தச்சர் மரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தாள். வழுக்கி விழுகிறவனுக்குப் பிள்ளைகள் கொஞ்சம்தான் சிரிக்கிறார்கள், எழுந்து யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்க்கிறவனுக்கு நிறையச் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். ஆடு ஆடு மாதிரிப் பேசினால் சிரிப்பதில்லை, தாலுகா அலுவலகம் மாதிரிப் பேசினால் சிரிக்கிறார்கள். வேடிக்கையான சொல்லுக்குப் பிறகு இன்னொரு சொல் வந்தாலும் சிரிப்பு பாதியாகிவிடுகிறது. ஒரே வரியைப் பதினோரு தடவை மாற்றி எழுதுவாள். ஊர் பதினோரு சிரிப்பைக் கேட்கும், ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு பிடி பெரிதாக. டீக்கடையில் தம்ளரோடு நிற்கிறவர்கள், “அக்கா இன்னைக்கு ஒரே வரியைப் போட்டுத் தேய்க்குதுப்பா” என்று காத்திருப்பார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வராது, ஆனால் அது தேறிவிட்டதென்று தெரியும். தெரிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

ஊர் அவளைத் தன் நடைமுறைக்குள் சேர்த்துக்கொண்டது. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் பத்திலிருந்து பதினொன்று வரை எழுதவேண்டுமென்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஜெபமணி வந்து கேட்டுக்கொண்டாள். காலாண்டுப் பரீட்சை நடக்கையில் வேண்டாம் என்று தலைமையாசிரியர் எழுத்தில் கேட்டார். காதுகுத்துப் பத்திரிகைகளில் நல்ல நேரத்துக்குக் கீழே அவள் பெயரையும் அச்சடித்தார்கள். ஆனால் காதுகுத்துக்கு முன்னால் மொட்டை போடுவது வழக்கம், கத்தி தலையில் இருக்கும்போது பிள்ளை சிரித்துவிட்டால் என்ன ஆவது, ஆகவே மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசியதும் தாய்மாமன் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அதற்குப் பிறகுதான் அவள் பேனாவைத் திறப்பாள், ஆசாரி ஊசியை எடுப்பார். ஊரில் ஒரு சாவு விழுந்தால் யாராவது வந்து வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிப் போவார்கள், எடுக்கும்வரை அவள் எழுதமாட்டாள். பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளைகள் ஒருநாள் காலையில் மற்றவர்கள் சிரிக்கையில் தமக்கு வராமல் திகைத்து நிற்பார்கள். சில பேர் ஒரு மாதம்வரைக்கும் பொய்யாகச் சிரித்துப் பார்ப்பார்கள், அம்மாமார்கள் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவார்கள்.

இப்படி மூன்று வருடம் போனது. அவள் பெயர் சென்னைக்குப் போனது, சென்னையிலிருந்து ரோஷிணி என்கிற தயாரிப்பாளர் வந்தாள். தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் ஒரு பொம்மலாட்டத் தொடர், கதையும் வசனமும் முழுக்க அங்கயற்கண்ணியே. அங்கயற்கண்ணி சொன்ன கதை ரோஷிணிக்குப் பிடித்துவிட்டது: தண்ணீர் வற்றிப் போனதால் வேலை தேடி ஊர் ஊராக நடக்கும் ஒரு கிணறு. அதன் விளிம்பில் ஒரு கிளி உட்கார்ந்து கூடவே போகும். முதல் பகுதி தேறினால்தான் தொடர், அதில் தெரு சிரிக்கிற மாதிரி ஒரு காட்சி இருக்கவேண்டும், பதினைந்து நாளில் வேண்டும் என்று சொல்லிவிட்டு ரோஷிணி போனாள்.

பன்னிரண்டு நாள் அங்கயற்கண்ணி எழுதியதற்கெல்லாம் பள்ளியின் பக்கமிருந்து சின்னச் சின்னச் சிரிப்புத்தான் வந்தது. அவள் எப்போதும் ஒரு நோட்டு வைத்திருப்பாள், கடைத்தெருவில் பேருந்தில் ரேஷன் வரிசையில் பார்த்ததையெல்லாம் குறித்துவைக்கிற நோட்டு. பதின்மூன்றாம் நாள் காலை அதைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து எழுதினாள்: கிணறு ஒரு சாவடியில் படுத்துத் தூங்குகிறது, பாம்பு வருகிறது, கிளி பாம்பென்று கத்தப் பார்க்கிறது, ஆனால் கிளிக்குத் திக்குவாய். ப... ப... என்று அது இறக்கையை அடித்துக்கொண்டு நிற்க, ஊரார் பழமா என்று பழத்தைக் கொண்டுவருகிறார்கள், பந்தா என்று பந்தை, பாயா என்று பாயை, பணியாரமா என்று சட்டியோடு பணியாரத்தை. பாம்பு பாயில் படுத்துப் பணியாரம் தின்கிறது.

அன்றைக்கு வந்தது அதுவரை வராத சிரிப்பு. மூக்கால் சீறிக்கொண்டு தொடங்கி, அலைஅலையாக ஏறி, இறங்கி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது மறுபடி ஏறியது. மூன்று நிமிடம். மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தது, தொட்டில் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் வந்தது, முடிதிருத்துபவர் கத்தியை மடக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார். ஊர் அதற்குப் ‘பெரிய சிரிப்பு’ என்று பெயர் வைத்தது. அங்கயற்கண்ணி அன்று மதியமே ரோஷிணிக்கு அனுப்பினாள், சாயங்காலமே ரோஷிணி அழைத்து, அலுவலகமே உருண்டு புரண்டு சிரித்தது, தொடர் உறுதி என்று சொன்னாள்.

மறுநாள் ஜெபமணி வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள், ஒன்பது வயது, நாலாம் வகுப்பு, பெயர் பெனிட்டா. ஜெபமணிக்குச் சந்தோஷத்தில் உட்காரவே முடியவில்லை. இந்தப் பிள்ளை சிரிப்பதே அபூர்வம், பள்ளியிலும் யாரோடும் பேசமாட்டாள், நேற்றுச் சிரித்தாள் பாருங்கள், பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம், வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“எப்ப அத்தை டிவில வரும்?” என்று பெனிட்டா கேட்டாள். “நான் எதுக்குச் சிரிச்சேன்னு தெரிஞ்சுக்கணும்.”

அங்கயற்கண்ணி ஏதோ ஒரு மாதத்தைச் சொன்னாள். என்ன மாதம் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. ஏனென்றால் நோட்டில் அந்தப் பக்கத்தில் இருந்தது பெனிட்டாதான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மளிகைக் கடையில் அந்தப் பிள்ளை பருப்பு கேட்க முடியாமல் ப... ப... என்று நின்றது, கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் பாலா, பட்டாணியா, பஞ்சா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார், பின்னால் தேங்காயெண்ணெய்க்கு நின்ற அங்கயற்கண்ணி அங்கே சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

இப்போது கணக்கு எளிதாக இருந்தது, எளிதாக இருந்ததுதான் பயங்கரம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள், பெனிட்டாவும் சிரித்துவிட்டாள், திரும்ப எடுக்கமுடியாது. தொடர் வந்தால் எதற்குச் சிரித்தோம் என்று அவள் தெரிந்துகொள்வாள், தன் வாழ்நாளின் மிகப் பெரிய சிரிப்பு தன்மேலேயே சிரித்தது என்று. காட்சியை எடுத்துவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை, ஆனால் காத்துக்கொண்டே இருப்பாள். எதற்கென்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் என்று வேறொரு வரியை நீட்டினால், இது இல்லையென்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அவள் முதலில் ரோஷிணியை அழைத்தாள். அந்தக் காட்சி வேண்டாம், ஊரில் ஒரு பிள்ளைக்கு வலிக்கும், வேறு எழுதித் தருகிறேன் என்றாள். ரோஷிணிக்குப் புரியவில்லை. கிளிக்கு வேறு எழுத்து திக்கட்டுமே என்றாள், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள், பொம்மைகூடச் செய்யக் கொடுத்தாயிற்று என்றாள்.

“ஒரு சின்னப் பொண்ணுக்காகவா மேடம்?”

“நான் எழுதுறதே சின்னப் பொண்ணுங்களுக்குத்தானம்மா” என்றாள் அங்கயற்கண்ணி.

ரோஷிணி, திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைவரை பொறுக்கிறேன், வராவிட்டால் இதேதான் போகும், அதற்கும் சம்மதிக்காவிட்டால் தொடரே இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு அங்கயற்கண்ணி சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஜெபமணி தடுப்பூசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றையும் மறைக்காமல், மளிகைக் கடையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். ஜெபமணி அட்டைகளை அடுக்கி முடித்து, ரப்பர் பேண்டு போட்டு, மேசையில் வைத்தாள்.

“நேத்து அவ சிரிச்சதுக்கு நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேங்க்கா.”

“தெரியாமப் பண்ணல ஜெபா. தெரிஞ்சுதான் எழுதுனேன். அவளும் சிரிப்பாங்கறது மட்டும் தோணல.”

“அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால சொல்லமுடியாது. வீட்டுக்கு வந்து, உக்காந்து, சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்திருக்க, அங்கயற்கண்ணி எதிரே தரையில் உட்கார்ந்து அந்தக் காட்சியை முழுதாக வாசித்தாள். இழுக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாதியிலேயே பிள்ளைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இதுதான் என்பது முகத்தில் முதலில் மலர்ந்தது, அடுத்தாற்போல் இது யார் என்பது. அங்கயற்கண்ணி வாசித்து முடித்து, இது உன்னைப் பார்த்து எழுதினது, எழுதியிருக்கக்கூடாது, டிவியில் வராது என்றாள். பெனிட்டா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் கல்லாற்றுப்பேட்டையில் சிரிப்பு இல்லை. அங்கயற்கண்ணி ஜன்னலருகில் உட்கார்ந்தாள், பேனாவைத் திறந்தாள், கிணற்றை நடக்கவைத்தாள். கிணறு நடந்தது, பள்ளிப் பக்கம் அமைதியாக இருந்தது. புதன்கிழமை ஊசிக்குப் பிள்ளைகள் பழையபடி கதறினார்கள். ஒரு காதுகுத்து வீட்டார் மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட்டு மிட்டாய் கொடுத்துச் சமாளித்தார்கள். டீக்கடைக்காரர் ஆளனுப்பி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அதோடு, பெரிய சிரிப்புக்கு என்ன காரணம் என்று வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள், முன்கூட்டியே காதில் மட்டும் போட்டுவைக்கச் சொன்னார்கள். அது நல்லதில்லை, கிழித்துவிட்டேன் என்றாள். மூன்று நிமிடம் சிரித்தது நல்லதில்லையா என்று ஊர் குழம்பியது, தலைமையாசிரியர் வருத்தப்பட்டார், ஓரிரு பேர் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அவள் விளக்கவில்லை. விளக்கினால் யாருடைய பெயரைச் சொல்லவேண்டிவரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏழாம் நாள் சனிக்கிழமை. காலையில் பெனிட்டா வந்து வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“அந்தக் கிளி ஏன் அப்படியே நிக்குது?” என்று கேட்டாள்.

அங்கயற்கண்ணி பேனாவை மூடி வைத்தாள்.

“அதுக்கு வேற வார்த்தை எடுக்கத் தெரியாதா? நான் அப்படி நிக்கமாட்டேன் அத்தை. அந்த எழுத்து வரப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சுத்திக்கிட்டு வந்துருவேன்.”

“அன்னைக்குக் கடையில?”

“அன்னைக்கு நீங்க... பி...” பிள்ளை நின்றாள், கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள், வேறு வழியில் போனாள். “அன்னைக்கு என் முதுகுக்கிட்ட நீங்க நின்னு கவனிச்சுக்கிட்டே இருந்தீங்க. அதான் சுத்த முடியல.”

அது அங்கயற்கண்ணிக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள், எப்படிச் சுற்றிக்கொண்டு போவாய் என்று கேட்டாள், பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிள்ளையும் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பேருந்து என்று வராவிட்டால், கை காட்டினாலும் நிக்காம ஓடுறது என்பாளாம். பரீட்சை என்றால், கிட்ட இருக்கவங்களோட சண்டை மாதிரி உக்காந்திருக்கிறது. போலீஸ் என்றால், நம்ம ஒண்ணும் செய்யாட்டியும் நமக்கு நடுக்கமா இருக்குமே அவங்க. பூசணிக்காய் என்றால், தூக்குறதுக்குக் காது இல்லாத காய். யாராவது பெயர் கேட்டால் சிஸ்டர் மக என்பாள், அதுதான் இருப்பதிலேயே சுளுவு. இப்படி ஒரு நோட்டு நிறையும் அளவுக்கு வைத்திருந்தாள். எழுதிவைக்கவில்லை, எல்லாம் வாய்க்குப் பின்னால் தயாராக இருந்தது. எல்லாமே திக்காமல் வந்தன என்று சொல்லமுடியாது. இரண்டு மூன்று இடத்தில் புதிதாக வேறு எழுத்தில் மாட்டிக்கொண்டாள், மாட்டிக்கொண்டு, வெளியே வந்து, தொடர்ந்தாள்.

இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழில் செய்கிறவளுக்கு நல்ல சரக்கு எதிரே வந்து நின்றால் தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் நோட்டைத் தேடவில்லை.

“நான் இதை எழுதலாமா?” என்று கேட்டாள்.

பெனிட்டா யோசித்தாள். காலால் படியைத் தேய்த்தாள்.

“நான் இங்கயே இருப்பேன். நீங்க எழுதுறதைக் கவனிப்பேன்.”

“பாரு.”

“தப்பா எழுதுனா சொல்வேன்.”

“சொல்லு.”

“கிளிக்குப் பாம்பு சொல்லணும், அவ்வளவுதான?” என்றாள் பிள்ளை. அந்தச் சொல் அவளுக்குத் தடையில்லாமல் வந்ததில் அவளே கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். சில நாள் அப்படித்தான் வரும், அதை நம்பமுடியாது என்றாள். “அப்ப அது இப்படிச் சொல்லட்டும். கை கால் இல்லாத ஒருத்தரு செருப்பு கழட்டுற இடத்துல வந்து படுத்திருக்காரு. அவருக்குச் செருப்புத் தேவையே இல்ல. அதான் எனக்கு யோசனையா இருக்கு.”

அங்கயற்கண்ணி ஜன்னலருகில் உட்கார்ந்தாள், பெனிட்டா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாவடியில் கிணறு தூங்கியது. கிளி தூண்மேல் உட்கார்ந்து நிதானமாகப் பேசியது. ஊரார், கை கால் இல்லாத பெரியவரா, பாவம், உள்ளே வரச் சொல் என்றார்கள். அவரே வந்துகொண்டுதான் இருக்கிறார் என்றது கிளி. சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை, அதனால்தான் நீங்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது என்றது. அங்கயற்கண்ணி அந்த வரியில் ‘நல்லது’ என்ற சொல்லைப் பின்னால் போட்டிருந்தாள், பெனிட்டா விரலை வைத்து, “இது முன்னாடி வரணும்” என்றாள். சரிதான், தள்ளி நிற்பதுதான் கடைசியில் வரவேண்டும். அடித்து மாற்றினாள். ரோஷிணி பின்னால் இதைப் பார்த்துவிட்டு முன்னது அளவுக்கு இல்லை என்று முணுமுணுத்து ஏற்றுக்கொண்டாள், தொடர் இரண்டு வருடம் ஓடியது, அந்தக் கிளி கிணற்றைவிடப் பெயர் வாங்கியது, அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சனிக்கிழமை காலையில் அங்கயற்கண்ணி செருப்பு வரியைக் கடைசிக்கு வைத்திருந்து எழுதிப் பேனாவை எடுத்தாள்.

விடுமுறை நாளாதலால் சிரிப்பு பள்ளியிலிருந்து வரவில்லை, எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து, ஆற்றுப் பக்கமிருந்து, கடைத்தெருவிலிருந்து, தூளிகளிலிருந்து. பெரிய சிரிப்பில் அது பாதிகூட இல்லை. அறைக்குள்ளிருந்தும் வந்தது. முக்காலியில் பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு, காகிதத்தில் இன்னும் ஈரம் காயாத அந்த வரியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் எதற்கென்று தெரியாமல் சிரித்த அந்த நேரத்தில், எதற்கென்று தெரிந்து சிரித்தது அவள் ஒருத்திதான்.